வற்றத் தெரியாத ஈரநிலம்: மதகுக்குள் சிக்கிய நன்னீர் நிலத்துக்கு அதன் பருவத்தைத் திருப்பிக் கொடுக்கும் வழி

ஆண்டு முழுவதும் தண்ணீர் நிற்கும் ஈரநிலத்தைப் பார்த்து யாரும் கவலைப்படுவதில்லை. நீர் பளபளக்கிறது, நாலு பறவைகளும் நிற்கின்றன, அப்புறம் என்ன குறை? ஆனால் கரையில் இறங்கிக் கையால் அள்ளிப் பார்த்தால் தெரியும். நீர் சேற்று நிறத்தில் கலங்கியிருக்கும். அடியில் ஒரு செடி கூட இருக்காது. ஓரம் முழுக்கச் சம்பு என்னும் உயரமான கோரை சுவர் போல மண்டியிருக்கும். நடுவில் பட்டுப்போன மரங்கள், எப்போதோ அங்கே தரை காய்ந்து கிடந்ததற்குச் சாட்சியாக நிற்கும்.

தண்ணீர் போதாமல் வந்த கேடு இல்லை இது. தண்ணீர் இறங்கவே இறங்காததால் வந்த கேடு. ஆற்றின் குறுக்கே தடுப்பணை கட்டி மட்டத்தை ஒரே அளவில் பிடித்து வைத்தால், அதை ஒட்டிய தாழ்ந்த ஈரநிலங்கள் நிரந்தரக் குளமாகிவிடும். மேட்டில் இருப்பவற்றுக்கு வெள்ளமே எட்டாமல் போகும். ஒரே அணை ஒரு பக்கம் மூழ்கடிக்கும், இன்னொரு பக்கம் தாகத்தில் விடும். ஆஸ்திரேலியாவின் மர்ரே ஆற்றில் 1920களிலும் 30களிலும் வரிசையாகக் கதவணைகள் கட்டியபோது நடந்தது இதுதான். மணிப்பூரின் லோக்தாக் ஏரி இன்னொரு உதாரணம். அங்கே ஃபும்டி எனப்படும் மிதக்கும் தாவரத் திட்டுகள், நீர் குறையும் மாதங்களில் தரையில் படிந்து, வேரால் மண்ணின் சத்தை உறிஞ்சிக்கொண்டு, மழைக்காலத்தில் மறுபடி மிதந்து எழும். 1983ல் இதாய் தடுப்பணை வந்தபின் ஏரி ஆண்டு முழுவதும் உயர்ந்தே நிற்கிறது. திட்டுகள் தரையைத் தொடுவதே அரிதாகி, மெலிந்துகொண்டு வருகின்றன. அவற்றின் மேல் வாழும் சாங்காய் மானின் காலுக்குக் கீழே இருக்கும் நிலமே மெலிகிறது என்றுதான் இதைப் படிக்க வேண்டும்.

ஆகவே மீட்பு என்றவுடன் ‘எவ்வளவு தண்ணீர் விடலாம்’ என்று தொடங்காதீர்கள். எப்போது ஏற வேண்டும், எப்போது இறங்க வேண்டும், எத்தனை காலம் காய வேண்டும் என்பவை அதற்கு முன்னால் வர வேண்டிய கேள்விகள்.

காய்வதால் என்ன கிடைக்கிறது

இதைப் புரிந்துகொண்டால் பின்னால் வரும் எல்லாப் படிகளும் எளிதாகும். நீர் வற்றும்போது கூழாகக் கிடந்த அடிச்சேறு இறுகுகிறது, வெடிக்கிறது. மறுபடி நீர் வந்தால் முன்போல எளிதில் கலங்காது. கலங்காத நீரில் ஒளி அடிவரை போகும், நீர்ச்செடிகள் முளைக்கும். காய்ந்த மண்ணில் மட்கும் பொருள்கள் சிதைந்து தழைச்சத்தும் மணிச்சத்தும் நீரில் கரையத் தயாராகின்றன. சேற்றுக்குள் பல ஆண்டுகள் உறங்கக்கூடிய விதைகளும், நுண்ணிய ஓட்டுயிரிகளின் முட்டைகளும் நனைந்த சில நாட்களில் விழிக்கின்றன. அவற்றை மீன் குஞ்சுகள் தின்னும், அப்புறம் பறவைகள் வரும். வெள்ளம் ஏறி இறங்கும் இந்தத் துடிப்புதான் ஆற்றுச் சமவெளியின் உயிருக்கு ஆதாரம் என்பதை யுங்க், பெய்லி, ஸ்பார்க்ஸ் ஆகிய மூவரும் 1989ல் ஒரு கோட்பாடாகவே எழுதினார்கள்.

முதல் படி: பழைய தாளத்தைத் தேடுங்கள்

அணை வருவதற்கு முன் இந்த நிலம் எப்படி நனைந்து காய்ந்தது? ஐந்து விஷயங்கள் தெரிய வேண்டும்: எந்தப் பருவத்தில் நீர் வந்தது, எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை வந்தது, எத்தனை மாதம் நின்றது, எவ்வளவு ஆழம், எந்த வேகத்தில் ஏறி இறங்கியது. ஆற்றின் பழைய நீர்மட்டப் பதிவுகள், நில அளவை வரைபடங்கள், பழைய வான்படங்கள் எல்லாவற்றையும் திரட்டுங்கள். அங்கேயே பிறந்து வளர்ந்த முதியவர்களிடம் உட்கார்ந்து கேளுங்கள். எந்த மாதத்தில் நடந்து கடந்தார்கள், எந்த மாதத்தில் படகு தேவைப்பட்டது என்று கேட்டால், எந்தப் பதிவேட்டிலும் இல்லாத விவரம் வரும்.

மரங்களும் சொல்லும். பட்ட மரங்கள் எந்த உயரத்தில் நிற்கின்றன, உயிருள்ளவை எந்த உயரத்தில் தொடங்குகின்றன என்று குறித்தால், பழைய கரைக்கோடும் இன்றைய கரைக்கோடும் எவ்வளவு விலகியிருக்கின்றன என்பது தெரியும்.

பருவம் தலைகீழாகிவிட்டதா என்பதையும் கட்டாயம் பாருங்கள். மர்ரே ஆற்றில் இயல்பாகக் குளிர்காலத்திலும் வசந்தத்திலும் வெள்ளம் வரும், கோடையின் முடிவில் வற்றும். பாசனத்துக்காக அணையில் சேர்த்துவைத்துக் கோடையில் திறப்பதால் அந்த வரிசையே மாறிவிட்டது. அந்த ஆற்றோரத்திலுள்ள பார்மா காட்டின் தாழ்ந்த பகுதிகள் காய வேண்டிய கோடையில் நனைந்து கிடந்தன. ஆண்டுக்கு மொத்தம் எவ்வளவு நீர் வந்தது என்று மட்டும் கூட்டிப் பார்ப்பவருக்கு இந்தக் கேடு கண்ணில் படவே படாது.

இரண்டாம் படி: அடியை அளந்துகொள்ளுங்கள், நீரைக் கணக்கிடுங்கள்

ஈரநிலத்தின் அடிமட்ட வரைபடம் இல்லாமல் மதகில் கை வைக்கக் கூடாது. எந்த உயரத்தில் நீர் உள்ளே நுழையத் தொடங்குகிறது, எந்த உயரத்தில் எவ்வளவு பரப்பு நனைகிறது, ஆழமான மடு எங்கே என்பதெல்லாம் 10 சென்டிமீட்டர் துல்லியத்திலாவது தெரிய வேண்டும். தட்டையான நிலத்தில் அந்தப் பத்து சென்டிமீட்டரில் பல ஏக்கர் நனையும், அல்லது விட்டுப்போகும்.

கணக்கு எளிது. ஒரு ஹெக்டேரில் ஒரு மீட்டர் ஆழம் என்றால் 10,000 கன மீட்டர், அதாவது ஒரு கோடி லிட்டர். 40 ஹெக்டேர் நிலம், சராசரி ஆழம் 80 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் நிரப்ப 3,20,000 கன மீட்டர். வெயில் காலத்தில் நாளுக்கு 7 மில்லிமீட்டர் ஆவியாகிறது என்றால் இழப்பு தினம் 2,800 கன மீட்டர். நான்கு மாதம் அதே மட்டத்தில் பிடித்துவைக்க, ஆவிக்கு மட்டுமே 3,36,000 கன மீட்டர் ஊற்ற வேண்டும். நிரப்பிய அளவைவிட அதிகம்! மண்ணுக்குள் கசிவது தனி. திட்டம் போடுபவர்கள் பெரும்பாலும் சறுக்கும் இடம் இதுதான். நிரப்புவதற்கு மட்டும் நீர் உரிமை வாங்கிவைத்து, கூடுகளில் குஞ்சு இருக்கும்போது கையை விரிப்பார்கள்.

இதே கணக்கைத் திருப்பிப் பாருங்கள்: வரத்தை நிறுத்தினால் 80 சென்டிமீட்டர் நீர் 114 நாட்களில் தானாக வற்றும். பம்பு வைத்து இறைக்க வேண்டியதில்லை, சூரியன் போதும்.

மூன்றாம் படி: யாருக்காக நனைக்கிறீர்கள்

எல்லா உயிருக்கும் ஒரே நீர்முறை ஒத்துவராது. ‘பல்லுயிர் பெருக்கம்’ என்று மட்டும் எழுதிவைத்த திட்டம் எந்த மதகையும் எந்த நாளில் திறக்கச் சொல்லாது. நாம் தைலமரம் என்று அறிந்த யூகலிப்டஸ் இனங்களில் ஒன்றான ரிவர் ரெட் கம், ஆற்றோரக் காடாகச் செழிக்க ஒன்று முதல் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை, சில மாதங்கள் நீடிக்கும் வெள்ளம் வேண்டும். ஆண்டுக்கணக்கில் வேர் மூழ்கியே கிடந்தால் மூச்சில்லாமல் செத்துவிடும். சற்று மேட்டில் வளரும் பிளாக் பாக்ஸ் மரத்துக்கு மூன்று முதல் ஏழு ஆண்டுக்கு ஒருமுறை போதும். தவளைக்கோ தலைப்பிரட்டை உருமாறி முடிக்கும் வரை, இனத்தைப் பொறுத்துச் சில வாரங்கள் முதல் சில மாதங்கள் வரை, நீர் நிற்க வேண்டும். கூட்டமாகக் கூடு கட்டும் அரிவாள் மூக்கன்களுக்குக் கூட்டுக்குக் கீழே மூன்று, நான்கு மாதம் மட்டம் சரியக் கூடாது.

இரண்டு மூன்று இலக்குகளைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றுக்கும் ‘இந்த மாதம், இந்த மட்டம், இத்தனை நாள்’ என்று எழுதுங்கள். ஒன்றுக்கொன்று மோதினால் ஆண்டு மாற்றி ஆண்டு கொடுக்கலாம். இயற்கையும் எல்லா ஆண்டும் எல்லோருக்கும் கொடுத்ததில்லை.

நீர் மட்டுமே காரணமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். ராஜஸ்தானின் கேவலாதேவ் பூங்காவில் 1982ல் எருமைகளின் மேய்ச்சலைத் தடைசெய்தார்கள். அதுவரை எருமைகள் தின்று அடக்கிவைத்திருந்த பாஸ்பலம் என்ற புல் அதன்பின் மண்டி, பறவைகளுக்கு வேண்டிய திறந்த நீர்ப்பரப்பை அடைத்தது. நல்ல எண்ணத்தில் எடுத்த முடிவுதான் அது. மேய்ச்சலும் அந்த ஈரநிலத்தின் ஓர் அங்கமாக இருந்தது என்பது கணக்கில் வரவில்லை.

நான்காம் படி: தோண்டிப் பார்க்காமல் வற்ற விடாதீர்கள்

இந்தப் பகுதியை மட்டுமாவது இரண்டுமுறை படியுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். பல பத்தாண்டுகள் மூழ்கிக் கிடந்த சேற்றைத் திடீரெனக் காற்றில் காட்டுவது ஆபத்தாகலாம்.

நீரில் சல்பேட் உப்பு இருந்து, சேற்றில் மட்கும் பொருளும் இரும்பும் இருந்து, காற்றே படாமல் நெடுங்காலம் கிடந்தால், இரும்பு சல்பைடு உருவாகிச் சேர்கிறது. மூழ்கியிருக்கும் வரை அதனால் தொல்லை இல்லை. காற்றுப் பட்டால் அது கந்தக அமிலமாகிறது. அமிலம் மண்ணிலுள்ள அலுமினியத்தையும் மற்ற உலோகங்களையும் கரைத்துவிடும், அடுத்து வரும் நீரே நஞ்சாகும். ஆஸ்திரேலியாவின் மில்டுரா ஊருக்கு அருகிலுள்ள பாட்டில் பெண்ட் நீர்நிலையில் 2000களின் தொடக்கத்தில் நீர்மட்டம் இறங்கியபோது இப்படித்தான் ஆனது. மீன்கள் செத்தன, கரையோர மரங்கள் கருகின. மர்ரே கடலில் சேரும் இடத்திலுள்ள கீழ் ஏரிகள் 2007 முதல் 2010 வரையிலான வறட்சியில் வற்றியபோது, அமிலத்தை முறிக்க விமானத்திலிருந்து சுண்ணாம்புத் தூள் தூவ வேண்டியதாயிற்று.

எப்படித் தெரிந்துகொள்வது? பல இடங்களில், பல ஆழங்களில் சேற்று மாதிரி எடுங்கள். மை போன்ற கருமையும் அழுகிய முட்டை நாற்றமும் முதல் எச்சரிக்கை. அடுத்து, ஒவ்வொரு மாதிரியையும் ஒரு சிறு தட்டில் மெல்லிய அடுக்காகப் பரப்பி, ஈரப்பதம் மாறாமல், காற்றுப்படும்படி எட்டு வாரத்துக்கு மேல் வைத்து, அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவைத் திரும்பத் திரும்பப் பாருங்கள். 4க்குக் கீழே இறங்கினால் அந்தச் சேறு அமிலமாகக்கூடியது. ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றிச் செய்யும் உடனடிச் சோதனையும் உண்டு. ஆனால் 30 சதவீதக் கரைசல் தோலைப் பொசுக்கும், மாதிரி பொங்கிச் சிதறும். பழகியவர்களிடம் விடுங்கள். மாதிரிகளை ஆய்வகத்துக்கும் அனுப்புங்கள்.

அமிலமாகக்கூடிய சேறு எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் குறித்தால், பெரும்பாலும் முடிவும் அதிலேயே இருக்கும். அந்த மடு மட்டும் மூழ்கியிருக்கட்டும், சுற்றியுள்ள பகுதி காயட்டும். ஈரநிலம் முழுவதும் அப்படியென்றால் முழு வற்றலைக் கைவிட்டு, மட்டத்தைக் கொஞ்சம் ஏற்றி இறக்குவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அடுத்தது உப்பு. தடுப்பணை ஆற்றை உயர்த்தும்போது நிலத்தடி நீரையும் உயர்த்துகிறது. அந்த நிலத்தடி நீர் உப்பாக இருந்தால், மேலே நிற்கும் நன்னீர் அதைக் கீழே அழுத்திவைத்திருக்கும். நீர் வற்றியதும் உப்பு மேலே கசியும். சுற்றிலும் நாலைந்து கண்காணிப்புக் குழாய்கள் இறக்கி நிலத்தடி மட்டத்தையும் உப்பையும் ஓர் ஆண்டாவது பாருங்கள். வற்றும் நீரில் உப்பு எங்கும் போகாது என்பதையும் மறக்க வேண்டாம். பாதி ஆவியானால் உப்பின் செறிவு இரட்டிப்பு. லிட்டருக்கு ஒரு கிராம் தாண்டினாலே நன்னீர்ச் செடிகளும் பூச்சிகளும் தடுமாறத் தொடங்கும்.

ஐந்தாம் படி: மதகும் சல்லடையும்

நீர் நுழையும் ஒவ்வொரு வாய்க்காலிலும் முழுதாக அடைக்கக்கூடிய மதகு வேண்டும். ஒன்றை விட்டாலும் வற்றாது. பலகை அடுக்கும் மதகோ ஷட்டரோ, எதுவானாலும் சில சென்டிமீட்டர் அளவில் மட்டத்தை மாற்ற முடிய வேண்டும். திறப்பைச் சிறிதாக வைத்துவிடாதீர்கள். குறுகிய குழாயில் நீர் சீறிப் பாயும், மீன்களால் எதிர்த்து நீந்த முடியாது. முடிந்தால் நுழைவு ஒரு முனை, வெளியேற்றம் மறுமுனை என்று வையுங்கள். நீர் உள்ளே ஓடிச் செல்ல வழியிருந்தால் பின்னால் வரும் ஆக்சிஜன் சிக்கலில் பாதி தீரும்.

அயல் இனமான சாதாக் கெண்டை பெருகிய இடங்களில் மதகில் கம்பிச் சல்லடை பொருத்துவார்கள். அது அடிச்சேற்றைக் கிளறி மேய்வதால்தான் பல இடங்களில் நீர் தெளிவதே இல்லை. சல்லடை பெரியவற்றைத் தடுக்கும், குஞ்சுகள் நுழைந்துவிடும். வளர்ந்த கெண்டைகளை அடுத்த வற்றல் பார்த்துக்கொள்ளும். ஆனால் அதே கம்பிகள் ஆமைகளையும் பெரிய நாட்டு மீன்களையும் தடுக்கும். ஆகவே ஆண்டு முழுவதும் பூட்டிவைக்காமல், தேவையான பருவத்தில் கழற்றி மாட்டும்படி அமையுங்கள்.

அரசு அனுமதி, நீர் உரிமை, பக்கத்து நிலக்காரர்களின் சம்மதம் மூன்றும் கட்டுமானத்துக்கு முன்பே எழுத்தில் இருக்க வேண்டும்.

ஆறாம் படி: முதல் வற்றல்

வரத்தை அடைத்துவிட்டு இயல்பாக நீர் குறையும் பருவத்தில் தொடங்குங்கள். மட்டம் நாளுக்கு ஒன்று முதல் மூன்று சென்டிமீட்டருக்கு மேல் இறங்க வேண்டாம். வேகமாக இறங்கினால் நனைந்த கரை சரியும், மீன்களும் மட்டிகளும் ஒதுங்க நேரமில்லாமல் மாட்டிக்கொள்ளும். மெல்ல இறங்கும் ஓரத்தில்தான் நீண்ட காலுள்ள பறவைகள் வாரக்கணக்கில் மேயும். கடைசிக் குட்டைகளில் நாட்டு மீன்கள் சிக்கும். அவற்றை எடுத்து ஆற்றில் விட ஆட்களை முன்கூட்டியே ஏற்பாடு செய்யுங்கள்.

நாற்றம் வரும். மீன் செத்துக் கிடப்பதைப் பார்த்துச் சுற்றியுள்ளவர்கள் கோபப்படுவார்கள். ஏன் வற்றுகிறது, எப்போது நிரம்பும் என்பதை வற்றத் தொடங்குமுன் நேரில் போய்ச் சொல்லிவிடுங்கள். வெதுவெதுப்பான சேற்றுக் குட்டைகளில் பறவைகளைத் தாக்கும் பாட்டுலிசம் நோய் வரலாம். செத்த பறவைகளை அன்றன்றே அகற்றுங்கள்.

எவ்வளவு காலம் காய வேண்டும்? அடி இறுகி, வெடித்து, மேலே முளைத்த செடிகள் பூத்து விதை உதிர்க்கும் வரை. பெரும்பாலும் சில மாதங்கள். காய்ந்த அடியில் வண்டிகளை ஓடவிடாதீர்கள். நிலம் சும்மா கிடக்கிறதே என்று மரம் நடவும் வேண்டாம். மண்ணுக்குள் விதை இருக்கிறது, முதலில் அதற்கு ஒரு வாய்ப்புக் கொடுங்கள்.

ஏழாம் படி: மறுபடி நிரப்புதல்

நீண்ட நாள் காய்ந்த தரையில் இலைச்சருகு குவிந்திருக்கும். நீர் பட்டதும் ஓரிரு நாளில் அதன் சாறு இறங்கி நீர் கறுக்கும். நுண்ணுயிர்கள் அதைத் தின்று ஆக்சிஜனைக் காலி செய்யும். லிட்டருக்கு 4 மில்லிகிராமுக்குக் கீழே போனால் மீன்கள் திணறும், 2க்குக் கீழே பெரிய மீன்கள் சாகும். நெடும் வறட்சிக்குப் பின் 2010-11ல் மர்ரேயில் வெள்ளம் வந்தபோது ஆற்றின் நீண்ட பகுதிகளில் இந்தக் கறுப்பு நீர் பரவியது. வெயில் ஏறஏற இது மோசமாகும். ஆகவே குளிர்ச்சியான மாதங்களில் நிரப்பத் தொடங்குங்கள். ஒரே மூச்சில் நிரப்பாமல் கட்டம் கட்டமாக ஏற்றுங்கள். கறுத்த நீரை, ஆறு மெலிந்து ஓடும்போது அதற்குள் திறந்துவிடாதீர்கள். ஆக்சிஜனை விடியுமுன் அளந்து பாருங்கள். பகலில் பாசி ஆக்சிஜன் விடுவதால் மதிய அளவு நம்மை ஏமாற்றும்.

நிரம்பியபின் பறவைகள் கூடு கட்டினால் உங்கள் அட்டவணை ஒதுங்கிக்கொள்ள வேண்டும். 2008ல் ஆஸ்திரேலியாவின் நாரன் ஏரிகளில் ஆயிரக்கணக்கான அரிவாள் மூக்கன்கள் கூடு கட்டியிருந்தபோது மட்டம் இறங்கத் தொடங்கியது. பெற்றோர் கூட்டைக் கைவிட்டுப் போய்விடும் நிலை. அரசு அமைப்புகள் அவசரமாக நீரை விலைக்கு வாங்கி அனுப்பின. இதற்காக ஒரு பங்கு நீரைக் கையிருப்பில் வைத்திருப்பது நல்லது.

எட்டாம் படி: ஆண்டுக்கு ஆண்டு மாற்றுங்கள், எழுதிவையுங்கள்

ஒரு நல்ல ஆண்டு கிடைத்ததும் அதே அட்டவணையை ஒவ்வோர் ஆண்டும் ஓட்டும் ஆசை வரும். அது இன்னொரு நிலைத்த தன்மை, அவ்வளவுதான். ஓர் ஆண்டு ஆழமாக, ஓர் ஆண்டு மேலோட்டமாக, ஓர் ஆண்டு முழுதாகக் காய விடுங்கள். ஆறே பெருக்கெடுத்தால் மதகைத் திறந்து அதன் போக்கில் விடுங்கள். சம்பு மறுபடி பரவினால், ஆழம் குறைந்த நீர் நீண்ட நாள் ஒரே மட்டத்தில் நின்றிருக்கிறது என்று பொருள்.

அளப்பதற்குப் பெரிய கருவிகள் தேவையில்லை. மட்டக்கோல் ஒன்று, வாரம் ஒருமுறை உப்பும் பி.எச்.சும், ஒரே இடத்தில் ஒரே திசையில் எடுத்த புகைப்படம், பருவத்துக்கு ஒருமுறை நிலையான சதுரங்களில் செடி எண்ணிக்கை, இரவில் தவளைக் குரல் பதிவு. இவற்றை வற்றவிடுவதற்கு முந்தைய ஆண்டே தொடங்கிவிடுங்கள், இல்லையென்றால் எதனோடு ஒப்பிடுவீர்கள்?

செடிகளும் நீர்ப்பூச்சிகளும் முதல் நிரப்பலிலேயே பதில் சொல்லும். மரங்கள் நிதானமாகத்தான் சொல்லும். மர்ரே ஆற்றில் 1925ல் கீழே கதவணை கட்டப்பட்டபின் நிரந்தரமாக மூழ்கிக் கிடந்த பான்ராக் ஸ்டேஷன் ஈரநிலத்தில், 1990களில்தான் வற்றலும் நிரப்பலும் திரும்பின. 2002ல் அது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. ஃப்ளோரிடாவில் நேர்க் கால்வாயாக வெட்டப்பட்ட கிஸ்ஸிமி ஆற்றை மறுபடி வளைந்தோடவிடும் கட்டுமானம் 1999ல் தொடங்கி 2021ல்தான் முடிந்தது. ஆகவே முதல் ஐந்து ஆண்டுகளின் பதிவேட்டை, மதகுச் சாவியோடு சேர்த்து, அடுத்து வருபவரிடம் கொடுக்கும்படி எழுதுங்கள்: எந்த நாளில் எத்தனை பலகை எடுத்தீர்கள், ஏன் எடுத்தீர்கள், அதற்குப் பின் என்ன வந்தது என்று.